கோவளம் கடலில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறை தொடங்கினால் எங்கள் வீட்டுக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வருவார்கள். பெட்டியை இறக்கி வைத்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "கடலுக்கு எப்பப் போறோம்?" பெரியவர்கள் கேட்பது அடுத்த நாள் காலை, காபி குடித்துக்கொண்டே: "அங்க குளிக்கலாம்ல? ஆபத்து ஒண்ணும் இல்லையே?" பதினைந்து வருஷமாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், இப்போது எழுதியே வைத்துவிட்டேன்.

எந்தக் கோவளம்? கேரளாவா?

இல்லை. கேரளத்தில் ஒரு கோவளம், கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கோவளம், சென்னைக்குத் தெற்கே செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கோவளம். நான் சொல்வது மூன்றாவது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு படகுத்துறையைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்ப வேண்டும். மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறினால் சாலையிலேயே இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும்.

மெரினா பக்கத்திலேயே இருக்கே, அங்கே குளித்தால் என்ன?

மெரினாவில் குளிக்கத் தடை. போலீஸ் பலகை வைத்திருக்கிறது, ஒலிபெருக்கியில் கத்துகிறது, காணும் பொங்கல் அன்று தண்ணீருக்கு முன்னால் தடுப்புக் கட்டி ஆளையே நிறுத்துகிறது. சும்மா செய்யவில்லை. அந்தக் கரை சட்டென்று சரியும். முழங்கால் அளவு நீரில் நிற்பதாக நினைப்பீர்கள், இரண்டு எட்டு வைத்தால் கழுத்தளவு. அலை தூரத்தில் உடையாமல் காலடியிலேயே வந்து உடைவதும் அந்தச் சரிவால்தான். உடைந்த அலை திரும்பும்போது காலுக்கடியில் இருக்கும் மணலையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும்.

அந்த அகலமான மணல்வெளியே பழசில்லை என்பது பலருக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் சுவரின் தென்பக்கம் தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுங்கள், குதிரை ஏறுங்கள், காற்று வாங்குங்கள். குளியல் வேண்டாம்.

கோவளத்துக்கு நீலக்கொடி கொடுத்திருக்கிறார்களாமே. அப்படியென்றால் பயமே இல்லையா?

டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து இயங்கும் ஒரு சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு கொடுக்கும் சான்று அது. தண்ணீரின் சுத்தம், கழிவறை, குப்பை மேலாண்மை, உயிர்காப்பாளர்கள், மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும் வசதி என்று 33 அளவுகோல்கள் வைத்துப் பார்ப்பார்கள். 2021 செப்டம்பரில் கோவளத்துக்கும் புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் சேர்ந்து கிடைத்தது. ஒரு தடவை வாங்கிவிட்டால் காலத்துக்கும் இருக்கும் பட்டமல்ல, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் கொடி கரைக்குத்தான், கடலுக்கு இல்லை. உடை மாற்ற இடமும் குளிக்க நல்ல தண்ணீரும் கண்காணிப்புக் கோபுரமும் இருக்கின்றன என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குளிக்கக் குறித்துவிட்ட பகுதியைத் தாண்டி நூறு அடி தள்ளிப் போனால் அது வெறும் வங்கக் கடல். கூட்டமாக இருக்கிறது என்று ஒதுங்கிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள்.

எந்த மாதம் நல்லது? எத்தனை மணிக்குப் போகணும்?

ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை எனக்குப் பிடித்த காலம். தண்ணீர் தெளிவாக இருக்கும், அலையும் ஓரளவுக்கு அடங்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் உருவாகும் காலம். அப்போது கடலைப் பார்க்கப் போங்கள், இறங்கப் போகாதீர்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த இரண்டு மூன்று நாட்களுக்கும் குளியலைத் தள்ளிப்போடுங்கள். ஊர்ச் சாக்கடை எல்லாம் அப்போதுதான் கடலுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

நேரம் என்றால் காலைதான், அதில் பேச்சே இல்லை. மே மாதத்தில் 5.45க்கெல்லாம் சூரியன் தலைகாட்டிவிடும். ஜனவரியில் 6.30 தாண்ட வேண்டும். ஒன்பதரைக்குள் குளித்து முடித்துவிட்டால் மணலும் சுடாது, கூட்டமும் இருக்காது. உச்சிப் பொழுதையொட்டிக் கடல்காற்று கிளம்பினால் தண்ணீர் கலங்கி அலை தாறுமாறாகும். சாயங்காலம் போனால் இருட்டும் நேரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் யார் தலை எங்கே என்று கோபுரத்தில் நிற்பவருக்கும் தெரியாது. உயிர்காப்பாளர் எதுவரை பணியில் இருப்பார் என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

கொடி நிறத்தை எப்படிப் படிப்பது?

மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் குளிக்கலாம், உயிர்காப்பாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். தனி மஞ்சள் எச்சரிக்கை: நீச்சல் தெரியாதவர்கள் கரையிலேயே நில்லுங்கள். தனிச் சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. கொடியே இல்லையென்றால்? விசில் ஊதுகிறவரிடம் போய்க் கேளுங்கள். அவரும் இல்லையென்றால் அன்றைக்குக் கால் நனைப்பதோடு சரி.

அலையே இல்லாமல் அமைதியாக ஒரு இடம் தெரிகிறதே, பிள்ளைகளை அங்கே விடலாமா?

விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அலை அலையாகக் கரைக்கு வந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல்மேட்டுக்கு நடுவே பள்ளம் இருக்கும் இடமாகப் பார்த்து வாய்க்கால் மாதிரி ஓடித் திரும்பும். அந்த வாய்க்காலில் ஆழம் அதிகம், அதனால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் கொஞ்சம் கருத்து, தட்டையாக, சில சமயம் மணல் கலங்கி நுரைத் துண்டுகள் கடல் பக்கம் போய்க்கொண்டிருக்கும். பார்க்கக் குளம் மாதிரி இருக்கும். 'கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டது' என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இந்த இழுப்பைத்தான்.

இழுப்பு ஆளைக் கீழே அமுக்குவதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. ஆளைக் கொல்வது அதை எதிர்த்துக் கரையைப் பார்த்து நீந்தி நீந்திக் களைத்துப்போவது. மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதங்கள். மூச்சு சீரானதும் ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு நேராக வராமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். வாய்க்கால் அகலமாக இருக்காது, தாண்டிவிட்டால் நுரை தெரியும் பக்கம் அலையே கரைக்குத் தள்ளும்.

இறங்கும் முன் பத்து நிமிஷம் மணலில் உட்கார்ந்து தண்ணீரைப் பாருங்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். என் அக்கா மகள் எட்டு வயதில் என்னைவிட வேகமாகக் காட்டினாள்.

குளித்துவிட்டு நிமிர்ந்தால் எங்கேயோ தள்ளி நிற்கிறோம். அது ஏன்?

அது வேறு ஓட்டம், கரையோரமாகவே ஓடுவது. தெற்கிலிருந்து வடக்கே போனால் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி என்றும் சென்னைப் பக்கத்து மீனவர்கள் சொல்வார்கள். வெயில் காலத்தில் பெரும்பாலும் தெண்டி, மழைக்காலத்தில் வன்னி. கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம் இருக்கிறது. ஆற்றுவாய்ப் பக்கம் ஒருபோதும் குளிக்கக் கூடாது, அங்கே ஓட்டமும் பள்ளமும் நாளுக்கு நாள் மாறும். கரையில் ஒரு குடையையோ கோபுரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். நகர்ந்திருந்தால் ஏறி, மணலில் நடந்து, பழைய இடத்துக்கு வந்து மறுபடி இறங்குங்கள்.

நீச்சல் தெரியாது. எவ்வளவு ஆழம் வரை போகலாம்?

முழங்கால். அலை வரும்போது அதுவே இடுப்பளவு ஆகிவிடும். கைகோத்துச் சங்கிலியாக நிற்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஒருத்தர் சறுக்கினால் சங்கிலியே போகும். அப்புறம், கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள்.

நான் ஊர்க் கிணற்றில் நீச்சல் கற்றவன். எனக்கென்ன?

கிணற்றில் மேலிருந்து குதிப்பவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எங்கள் மாமாவும் அப்படித்தான், மதுரைப் பக்கத்துப் பம்புசெட் கிணறு. கோவளத்தில் மூன்றாவது அலையிலேயே மூச்சு வாங்கினார். கிணற்றுத் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்கும், நாம்தான் நகர்வோம். கடலில் தண்ணீரும் நகரும். முதல் நாள் மார்பளவைத் தாண்டாமல், அலை உடையும் நேரத்தில் உள்ளே முங்கி அதைத் தலைக்கு மேல் போகவிடும் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். குடித்திருந்தால் தண்ணீர்ப் பக்கமே வேண்டாம்.

பிள்ளைகளைச் சமாளிப்பது எப்படி?

சின்னப் பிள்ளை என்றால் கை நீட்டினால் எட்டும் தூரம். பத்தடி தள்ளி நின்று 'பார்த்துக்கொண்டிருப்பது' பார்ப்பதே இல்லை.

எங்கள் வீட்டில் 'கரை டியூட்டி' என்று ஒன்று உண்டு. அரை மணிக்கு ஒருத்தர். டியூட்டியில் இருப்பவர் குளிக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் போனால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள், கடைசியில் ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருமுறை தம்பி மகன் பொரித்த மீன் கடைக்கு யாரிடமும் சொல்லாமல் நடந்துபோய், கால் மணி நேரம் பதினோரு பேரும் தண்ணீருக்குள் தேடினோம். டியூட்டி பிறந்தது அன்றைக்குத்தான். பிள்ளை கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டையும் கட்டிவிடுவோம். காணும் பொங்கலுக்கு மெரினாவில் போலீஸ் கட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது.

காற்றடைத்த டியூப், வாத்து பொம்மை எல்லாம் கடலுக்கு ஆகாது. ஜூன், ஜூலை காலைகளில் காற்று மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். கடல் அமைதியாகத் தெரியும், டியூப் மட்டும் பிள்ளையோடு விறுவிறுவென்று கிழக்கே போகும். மணலில் பிள்ளையின் இடுப்பைத் தாண்டிக் குழி தோண்ட விடாதீர்கள், பக்கச்சுவர் சரிந்தால் மூடிவிடும்.

புடவை, சுடிதாரோடு இறங்கலாமா?

இறங்குகிறோம், அதுதான் நிஜம். ஆனால் நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் எழுந்து நிற்கவே முடியாது. துப்பட்டா கழுத்தைச் சுற்றும், ஜீன்ஸ் கல்லாகக் கனக்கும், லுங்கி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. முழங்கால் தாண்டிப் போகிறவர்கள் லெகிங்ஸ் அல்லது முக்கால் பேன்ட், உடம்போடு ஒட்டிய டீ-ஷர்ட் போட்டுக்கொள்ளுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு, சிவப்பு என்றால் தூரத்திலிருந்தும் தெரியும். நீலமும் சாம்பலும் தண்ணீரோடு கலந்துவிடும். தாலிச் சங்கிலி, கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்ப்பேன். யாரும் கேட்டதில்லை.

ஒருவர் மூழ்குவது தெரிந்தால் உடனே குதிக்கலாமா?

முதலில், மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போல் 'காப்பாத்துங்க' என்று கத்த மாட்டார். கத்த மூச்சு இருக்காது. வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, கைகள் ஏணி ஏறுவது போல அசையும். கூப்பிட்டால் பதில் வராது. அப்படிப் பார்த்தால் உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், ஒருத்தர் கண்ணை எடுக்காமல் அந்த இடத்தையே கைநீட்டிக் காட்டிக்கொண்டிருங்கள். மிதக்கும் எதையாவது எறியுங்கள்: மூடிய காலி தண்ணீர் கேன், பந்து, ஐஸ்பெட்டி. மீனவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரிடம் ஓடுங்கள். கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, ஆம்புலன்ஸ் 108.

பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். அது கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்கு மாலுமியின் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30 அன்று தண்ணீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய், அவரே அங்கே மூழ்கினார். கடலே தொழிலாக இருந்தவர் அவர். பயிற்சியும் மிதவையும் இல்லாமல் குதித்தால் கரைக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு உடல்கள் வரும்.

வெளியே தூக்கிப் போட்ட பிறகு என்ன செய்வது?

வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள், வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் மல்லாத்தி, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு மார்பு நடுவில் இரண்டு கைகளையும் வைத்து 30 அழுத்தம், 2 ஊதல் என்று மாறி மாறி, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். அழுத்தம் ஐந்து சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், நிமிஷத்துக்கு நூற்றுக்கு மேல். எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்லை' என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

சொறி பட்டால்?

சொறி, சொறிமுட்டை, ஜெல்லி மீன், எல்லாம் ஒன்றுதான். சில வாரங்களில் கரையெல்லாம் ஒதுங்கிக் கிடக்கும். செத்துக் கிடப்பதைத் தொட்டாலும் எரியும். பட்டால் தேய்க்காதீர்கள், மணல் போடாதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைத் துணி சுற்றிய கையால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டு வெந்நீரில் இருபது நிமிஷம் வையுங்கள். டீக்கடையில் கேட்டால் வெந்நீர் தருவார்கள். வினிகர் சில வகைக்கு உதவும், சில வகைக்குக் கெடுக்கும், வகை தெரியாமல் ஊற்ற வேண்டாம். முகம் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ 108. திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும் என்பதால், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடங்கள், அது விலகிவிடும்.

வானிலை நன்றாக இருக்கிறது, ஆனால் கடலுக்குப் போகாதே என்கிறார்களே?

'கள்ளக்கடல்' எச்சரிக்கையாக இருக்கும். எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயல் கிளப்பிய அலை, நாலைந்து நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் வந்து ஏறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் போனார்கள். முந்தைய நாளே எச்சரிக்கை வந்திருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதை வெளியிடும், செய்தியிலும் சொல்வார்கள். கிளம்பும் முன் ஒரு பார்வை. கடல் திடீரென்று உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26ஐ இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை.

சாவி, போன், பணம்?

மணலில் புதைத்து வைத்து அடையாளத்துக்குச் செருப்பு வைப்பது என்ற யோசனை எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போனது. ரிமோட் சாவிக்கு ஆன செலவில் மூன்று தடவை கோவளம் வந்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கரை டியூட்டியின் மடியில்.

சாப்பாடு?

குளிப்பதற்கு முன் இரண்டு இட்லி போதும், பிரியாணி பிறகு. வெயிலும் உப்பும் நீரை உறிஞ்சும், ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர் வேண்டும். கூடவே மோர். கரையில் வஞ்சிரமும் சங்கராவும் மசாலா தடவி அடுக்கியிருப்பார்கள். அடுக்கியிருப்பதை எடுக்காமல், கண்முன்னே தடவிப் பொரிக்கச் சொல்லுங்கள், எண்ணெய் நிறத்தையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், விலை ஏறியிருக்கும். ஃபைபர் படகுகள் அப்போதும் போகும், காலையில் படகு கரையேறும் நேரத்தில் நின்றால் வலையிலிருந்தே வாங்கலாம். படகை இழுக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். அது அவர்கள் வேலை பார்க்கும் இடம்.

தண்ணீரில் இறங்காத பெரியவர்களுக்கு?

தமீம் அன்சாரி தர்கா இருக்கிறது, கார்மேல் மாதா கோவில் இருக்கிறது, இரண்டுக்குமே கடல்காற்று அடிக்கும். குப்பத்துப் பையன்கள் அலைச்சறுக்கு விடுவதை எங்கள் அத்தை மணிக்கணக்காகப் பார்ப்பார். "விழுந்தாலும் சிரிக்கிறான் பாரு" என்பார். எழுபத்திரண்டு வயதில் அவருக்குக் கால் நனைக்க ஆசை வந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியை ஈரமணலில் போட்டு உட்கார வைத்தோம், இரண்டு பக்கமும் ஆள் நின்று. நாற்காலி ஒவ்வோர் அலைக்கும் ஒரு விரல்கடை புதையும், தூக்கி மறுபடி போட வேண்டும். ஏழு தடவை தூக்கினோம். எட்டாவது அலைக்கு, "போதும், மீன் எங்கடா?" என்றார்.